உலோக ஆக்சைடு மின்காப்பிகளில் குறைபாட்டு ஆற்றல் மட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று குலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கு ஷிப்ட் பஸ் ஏறுகிறார்கள். 1996இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவில் சில்லுத் தொழிற்சாலைகள் பல உள்ளன; அவற்றில் வேலை செய்பவர்கள் நாள்தோறும் ஆக்சைடு படலங்களோடுதான் பழகுகிறார்கள். இங்கே நான் நடத்தும் சனிக்கிழமை வகுப்பில் ஆறாம் படிவ மாணவர்களும், இரவு ஷிப்ட் முடித்துக் கண் எரிச்சலோடு வந்து உட்காரும் டெக்னிஷன்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் கீழே உள்ளன. எலக்ட்ரான், அணு, ஆற்றல் ஆகியவை பற்றிப் படிவம் ஐந்து அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

மின்காப்பி என்றால் மின்சாரம் செல்லாத பொருள். அதற்குள் "மட்டம்" எங்கிருந்து வந்தது?

ஒரு படிகத்தில் எலக்ட்ரான்கள் எந்த ஆற்றலை வேண்டுமானாலும் பெற்றுவிட முடியாது. அவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றல்கள் பட்டைகளாக அமைகின்றன. எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கும் கீழ்ப் பட்டையை இணைதிறன் பட்டை என்றும், காலியாக இருக்கும் மேல் பட்டையைக் கடத்துப் பட்டை என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் நடுவே எலக்ட்ரான் இருக்கவே முடியாத பகுதி பட்டை இடைவெளி. சிலிக்கானில் இந்த இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட் (ஓர் எலக்ட்ரான் ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றலே ஓர் எலக்ட்ரான் வோல்ட்). மெக்னீசியம் ஆக்சைடில் ஏறத்தாழ 7.8, அலுமினியம் ஆக்சைடு படிகத்தில் 8.8, ஹாஃப்னியம் டைஆக்சைடில் 5.7 முதல் 5.8 வரை. அறை வெப்பநிலையில் அணுக்களின் அதிர்வு ஓர் எலக்ட்ரானுக்குத் தரக்கூடிய ஆற்றல் சராசரியாக 0.025 எலக்ட்ரான் வோல்ட் அளவே என்பதால், இவ்வளவு பெரிய இடைவெளியை எந்த எலக்ட்ரானும் தானாகத் தாண்டுவதில்லை. அதனால்தான் இவை மின்காப்பிகள்.

இதெல்லாம் குறையே இல்லாத படிகத்துக்குப் பொருந்தும் கணக்கு. ஓர் அணு காணாமற் போனாலோ, அதன் இடத்தில் வேறோர் அணு உட்கார்ந்தாலோ, அந்த ஓர் இடத்தில் மட்டும் இடைவெளிக்குள் எலக்ட்ரான் தங்கக்கூடிய ஆற்றல் நிலைகள் தோன்றுகின்றன. அவையே குறைபாட்டு மட்டங்கள். அவை படிகம் முழுவதும் பரவிக் கிடப்பதில்லை, குறைபாடு உள்ள இடத்தோடு ஒட்டியே இருக்கும் என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பாடநூல்களில் இடைவெளியின் குறுக்கே நீளமாக இழுக்கப்படும் கோடு இந்த உண்மையை மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து.

எத்தனை வகைக் குறைபாடுகள் உள்ளன?

இருக்க வேண்டிய அணு இல்லாமை, இருக்கக் கூடாத இடத்தில் அணு செருகிக்கொள்ளுதல், அன்னிய அணு ஒன்று சொந்த அணுவின் இடத்தைப் பிடித்தல் என்று மூன்றாகப் பிரிக்கலாம். ஆக்சைடுகளைப் பொறுத்தவரை மிக அதிகமாக ஆராயப்பட்டது ஆக்சிஜன் காலியிடம்.

மெக்னீசியம் ஆக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு எலக்ட்ரான்களைக் கூடுதலாகப் பெற்ற அயனியாக உள்ளது. அதை நடுநிலை அணுவாக வெளியே எடுத்தால் அந்த இரண்டு எலக்ட்ரான்களும் பின்தங்கிவிடுகின்றன. சுற்றியுள்ள ஆறு மெக்னீசியம் அயனிகளின் நேர்மின்னூட்டம் அவற்றை அந்தக் காலியிடத்திலேயே பிடித்துவைக்கிறது. இரண்டு எலக்ட்ரான்கள் கொண்ட காலியிடம் எஃப் மையம் எனப்படும். ஒன்றை இழந்தால் எஃப் நேர் மையம். இந்தப் பெயர் உப்புப் படிகங்களின் நிற மையங்களை 1920களிலிருந்து ஆராய்ந்த ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. காலியிடத்தில் சிக்கிய எலக்ட்ரான்தான் அந்த நிறத்துக்குக் காரணம் என்ற விளக்கத்தை 1937இல் நெதர்லாந்தின் டி போயர் முன்வைத்தார்.

டைட்டானியம் டைஆக்சைடில் கதை வேறு. அங்கே பின்தங்கும் எலக்ட்ரான்கள் காலியிடத்தில் தங்காமல் அருகிலுள்ள டைட்டானியம் அயனிகளின் மேல் போய் உட்காருகின்றன. ஆகவே "ஆக்சிஜன் காலியிடம்" என்று ஒரே பெயர் இருப்பதால் எல்லா ஆக்சைடிலும் ஒரே மட்டம் இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

ஆழமான மட்டம், ஆழமற்ற மட்டம் என்கிறார்களே, அந்த வேறுபாடு எதற்கு?

செம்பனைக் குலை வெட்டும்போது சிதறும் உதிரிப்பழங்களில் சில தரைக்கு வராமல் மட்டை இடுக்கில் தங்கிவிடுவதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். மேலாக ஒட்டியிருப்பது ஒரு தட்டில் விழுந்துவிடும்; இடுக்கின் அடியில் போய்விட்டது, யாராவது கம்பி விட்டு நோண்டினால்தான் வரும். கடத்துப் பட்டையிலிருந்து ஒரு மட்டத்தில் விழுந்த எலக்ட்ரானின் நிலையும் இதுதான். இங்கே தட்டிவிடுவது அணுக்களின் வெப்ப அதிர்வு.

அந்த அதிர்வு விநாடிக்குச் சுமார் பத்து லட்சம் கோடி முறை எலக்ட்ரானை வெளியே தள்ள முயல்கிறது என்று கொள்வோம். 27 பாகை செல்சியஸில், கடத்துப் பட்டைக்கு 0.3 எலக்ட்ரான் வோல்ட் கீழே உள்ள மட்டத்திலிருந்து எலக்ட்ரான் ஒரு விநாடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலான நேரத்திலேயே வெளியேறிவிடும். ஆழம் 1 எலக்ட்ரான் வோல்ட் ஆனால் மணிக்கணக்கில் தங்கும். 1.5 ஆனால் பல்லாயிரம் ஆண்டுகள். ஆழம் ஒன்றரை மடங்கு ஆகும்போது காலம் ஒன்றரை மடங்காகக் கூடுவதில்லை, அடுக்குக்குறி முறையில் பெருகுகிறது. ஒரு மட்டத்தின் ஆழத்தை 0.1 எலக்ட்ரான் வோல்ட் தவறாகக் கணித்தாலே, அது தங்கவைக்கும் காலத்தை ஐம்பது மடங்கு அளவுக்குத் தவறாகச் சொல்லிவிடுவோம்.

ஒரே குறைபாட்டுக்கு ஒவ்வொரு நூலிலும் ஒவ்வோர் எண் இருக்கிறது. எது சரி?

வகுப்பில் வரும் கேள்விகளிலேயே மிக நல்ல கேள்வி இதுதான். பெரும்பாலும் எல்லா எண்களும் சரியாகவே இருக்கும். அவை வெவ்வேறு அளவுகள் என்பதைத்தான் அட்டவணை போடுபவர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மட்டம் என்று ஓர் எண்ணைப் பார்த்தால், எங்கிருந்து அளந்தது, எந்த மின்னூட்ட நிலையில் அளந்தது, ஒளியால் அளந்ததா வெப்பத்தால் அளந்ததா என்ற மூன்றையும் கேட்காமல் அந்த எண்ணை ஏற்கக் கூடாது.

முதலில், எங்கிருந்து. இணைதிறன் பட்டையின் உச்சியிலிருந்து மேல்நோக்கி அளப்பவர்களும் உண்டு, கடத்துப் பட்டையின் அடியிலிருந்து கீழ்நோக்கி அளப்பவர்களும் உண்டு. சில எண்கள் இரண்டுமே இல்லை. மெக்னீசியம் ஆக்சைடின் எஃப் மையம் சுமார் 5.0 எலக்ட்ரான் வோல்ட் ஒளியை உட்கவர்கிறது என்றால், எஃப் மையத்தின் அடிநிலைக்கும் கிளர்நிலைக்கும் உள்ள வேறுபாட்டையே அந்த எண் குறிக்கிறது. கடத்துப் பட்டைக்கு 5.0 கீழே ஒரு மட்டம் உள்ளது என்று அதற்குப் பொருள் கொண்டால் தவறாகிவிடும்.

அடுத்தது மின்னூட்ட நிலை. இரண்டு எலக்ட்ரான்களில் ஒன்று போய்விட்டால் மீதமுள்ளதை அயனிகள் இன்னும் இறுக்கிப் பிடிக்கும்; மட்டமும் இடம் மாறும். அதனால் "காலியிடத்தின் மட்டம்" என்று ஒருமையில் பேசுவதைவிட, இந்த மின்னூட்டத்திலிருந்து அந்த மின்னூட்டத்துக்கு மாறும் மட்டம் என்று பேசுவதே சரி. மெக்னீசியம் ஆக்சைடு இதிலும் ஒரு குறும்பு செய்கிறது. எஃப், எஃப் நேர் ஆகிய இரு மையங்களும் ஏறத்தாழ ஒரே இடத்தில், 5.0 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகிலேயே, ஒளியை உட்கவர்கின்றன. திரும்பி வெளிவிடும் ஒளியைப் பார்த்தால்தான் முதலாவது 2.3க்கு அருகிலும் இரண்டாவது 3.1க்கு அருகிலும் பிரிந்து தெரியும்.

மூன்றாவதைத்தான் மாணவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். ஒளி எலக்ட்ரானைத் தூக்கும் வேகத்தில் சுற்றியுள்ள கனமான அணுக்களால் நகர முடியாது. எலக்ட்ரான் போன பிறகுதான் அவை மெல்லத் தங்கள் புதிய இடங்களுக்கு விலகி ஆற்றலைக் குறைத்துக்கொள்கின்றன. ஆகவே ஒளியால் அளக்கும் ஆழம், அணுக்கள் நகர அவகாசம் பெறும் வெப்ப அளவீட்டின் ஆழத்தைவிட அதிகமாக இருக்கும். அயனித் தன்மை மிகுந்த ஆக்சைடுகளில் இந்த வேறுபாடு 1 எலக்ட்ரான் வோல்ட்டையும் தாண்டலாம். அலுமினியம் ஆக்சைடின் எஃப் மையம் 6.1 எலக்ட்ரான் வோல்ட்டை வாங்கிக்கொண்டு 3.0ஐ மட்டும் ஒளியாகத் திருப்பித் தருகிறது. மீதிப் பாதி இடைநிலைகள் வழியாக இறங்குவதிலும் அணுக்களை நகர்த்துவதிலும் வெப்பமாகச் செலவாகிவிடுகிறது.

சில்லு செய்பவர்களுக்கு இதனால் என்ன வந்தது?

டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் கேட் முனைக்கும் சிலிக்கானுக்கும் இடையே ஒரு மின்காப்புப் படலம் உண்டு. பல பத்தாண்டுகள் அது சிலிக்கான் டைஆக்சைடாகவே இருந்தது. (சிலிக்கான் உலோகமல்ல என்று கையை உயர்த்துபவர்களுக்கு: ஒப்பீட்டுக்காகத்தான் அதை இங்கே சேர்க்கிறேன்.) படலம் 1.2 நானோமீட்டர் அளவுக்கு மெலிந்தபோது எலக்ட்ரான்கள் குவாண்டம் ஊடுருவலால் அதைக் கடந்து கசியத் தொடங்கின. அதே மின்தேக்குத் திறனைத் தடிமனான படலத்தில் பெற வேண்டுமானால் மின்காப்பு மாறிலி அதிகமுள்ள பொருள் வேண்டும். சிலிக்கான் டைஆக்சைடுக்கு அது 3.9, ஹாஃப்னியம் டைஆக்சைடுக்கு 20க்கும் மேல். 2007இல் இன்டெல் நிறுவனம் தன் 45 நானோமீட்டர் தலைமுறைச் சில்லுகளில் ஹாஃப்னியம் சார்ந்த படலத்துக்கு மாறியது. ஹாஃப்னியம் சிர்கான் மணலில் சிர்கோனியத்தோடு கலந்து கிடைப்பது. பேராக்கின் பழைய ஈயச் சுரங்கங்கள் ஒதுக்கிய அமாங் மணலிலும் சிர்கான் உண்டு.

மாற்றம் சுலபமாக நடந்துவிடவில்லை. ஹாஃப்னியம் டைஆக்சைடின் ஆக்சிஜன் காலியிட மட்டங்கள், ஆற்றல் அளவில், சிலிக்கானின் கடத்துப் பட்டை விளிம்பை ஒட்டி வந்து நிற்கின்றன. கேட்டில் நேர் மின்னழுத்தம் கொடுத்தால் சிலிக்கானிலிருந்து எலக்ட்ரான்கள் அந்த மட்டங்களுக்குள் நுழைகின்றன, எடுத்தால் சில திரும்பி வருகின்றன. உள்ளே தங்கிய மின்னூட்டம் டிரான்சிஸ்டர் திறக்கும் மின்னழுத்தத்தை இடம்பெயர்த்துவிடுகிறது. சோதனை மேசையில் காலையில் ஒரு மதிப்பும் மாலையில் வேறொரு மதிப்பும் காட்டும் சில்லை ஆராயும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

குலிமில் இப்போது சிலிக்கான் கார்பைடு சில்லு வந்துவிட்டதே. அங்கும் இதே சிக்கலா?

2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் இன்ஃபினியான் நிறுவனம் குலிமில் சிலிக்கான் கார்பைடு ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்ததிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. மின்வண்டிகளுக்கும் சூரிய மின் அமைப்புகளுக்கும் வேண்டிய உயர் மின்னழுத்தச் சில்லுகளுக்கு இந்தப் பொருள் ஏற்றது. பொதுவான இயற்பியலை மட்டும் சொல்கிறேன். எந்த ஆலையின் செய்முறையையும் பற்றிய குறிப்பு அல்ல.

இதன் மேலும் சிலிக்கான் டைஆக்சைடு படலமே வளர்க்கப்படுகிறது. அந்த ஆக்சைடில், இரு பொருள்களும் சந்திக்கும் இடைமுகத்துக்கு அருகே, ஆக்சைடின் கடத்துப் பட்டைக்கு ஏறத்தாழ 2.8 எலக்ட்ரான் வோல்ட் கீழே மட்டம் கொண்ட பொறிகள், அதாவது எலக்ட்ரானைச் சிக்கவைக்கும் குறைபாடுகள், உள்ளன. சிலிக்கானின் கடத்துப் பட்டை, ஆக்சைடின் கடத்துப் பட்டைக்கு 3.1 முதல் 3.2 வரை கீழே உள்ளது. ஆகவே சிலிக்கானின் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பொறிகள் அதன் கடத்துப் பட்டை விளிம்புக்கு மேலே இருக்கின்றன. விளிம்பில் உள்ள எலக்ட்ரான்கள் அங்கே ஏறிப் போய்ச் சிக்குவதில்லை. சில்லுகளில் பயன்படும் சிலிக்கான் கார்பைடு வகையில் இடைவெளி 3.26 எலக்ட்ரான் வோல்ட். அதன் கடத்துப் பட்டை ஆக்சைடினுடையதற்குச் சுமார் 2.7 மட்டுமே கீழே உள்ளது. அதே பொறிகள் இப்போது விளிம்புக்குச் சற்றுக் கீழே வந்துவிடுகின்றன. ஓடும் எலக்ட்ரான்களை அவை பிடித்துக்கொள்கின்றன, மின்னோட்டம் மந்தமாகிறது.

ஆக்சைடு மாறவில்லை, குறைபாடு மாறவில்லை, ஆக்சைடுக்குள் அதன் மட்டமும் மாறவில்லை. பக்கத்தில் வைத்த பொருள் மாறியதால் தொந்தரவு தராதது தொந்தரவு தருவதாகிவிட்டது. நைட்ரிக் ஆக்சைடு வாயுவில் சூடாக்கினால் இடைமுகப் பொறிகள் வெகுவாகக் குறைவது 1990களின் பிற்பகுதியிலிருந்து தெரிந்த வழி. இதில் கார்பன் சார்ந்த குறைபாடுகளுக்கும் பங்குண்டு. அது தனிக் கதை.

பர்னஸில் ஹைட்ரஜன் கலந்த வாயுவில் சில்லைச் சூடாக்குகிறோம். ஏன்?

சிலிக்கானும் அதன் ஆக்சைடும் சந்திக்கும் இடத்தில் சில சிலிக்கான் அணுக்களுக்கு நான்காவது பிணைப்பு கிடைப்பதில்லை. அந்தத் தொங்கும் பிணைப்பு சிலிக்கானின் இடைவெளிக்குள் மட்டங்களை உண்டாக்குகிறது. 400 முதல் 450 பாகை செல்சியஸில் ஹைட்ரஜன் உள்ளே பரவிச் சென்று அந்தப் பிணைப்பில் இணைந்துகொள்ளும்போது, அந்த மட்டங்கள் இடைவெளியை விட்டு வெளியேறிவிடுகின்றன. சில நூறு மேற்பரப்பு அணுக்களுக்கு ஒன்றாக இருந்த பொறிகள், லட்சம் அணுக்களுக்கு ஒன்றிரண்டு என்ற அளவுக்கு இறங்கும். நெடுநாள் பயன்பாட்டில் ஹைட்ரஜன் மீண்டும் பிரிந்து போவதும் உண்டு. சில்லு முதுமையடைவதற்கு அது ஒரு காரணம்.

கண்ணுக்குத் தெரியாத மட்டத்தை எப்படி அளக்கிறார்கள்?

ஒளி உட்கவர்தலும் ஒளி உமிழ்தலும் மேலே வந்துவிட்டன. மின்முறையில், படலத்தின் மின்தேக்குத் திறன் மின்னழுத்தத்தோடு எப்படி மாறுகிறது என்று வரைவார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் கோடு ஒன்றன் மேல் ஒன்று விழாமல் பிளந்து நின்றால், இடையில் பொறிகள் எலக்ட்ரானை வைத்துக்கொண்டன என்று அறியலாம்.

எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு என்ற முறை குறைபாட்டின் அடையாளத்தையே காட்டிக்கொடுக்கும் வல்லமை உடையது. சிலிக்கான் டைஆக்சைடின் ஆக்சிஜன் காலியிடத்தில் சிக்கிய ஒற்றை எலக்ட்ரானை அமெரிக்காவின் ராபர்ட் வீக்ஸ் 1956இல் கண்டறிந்தது இந்த முறையில்தான். ஆனால் இணையில்லாத எலக்ட்ரான் இருந்தால் மட்டுமே அது வேலை செய்யும். எஃப் நேர் மையத்தில் ஓர் எலக்ட்ரான் உள்ளதால் சமிக்ஞை கிடைக்கும். எஃப் மையத்தின் அடிநிலையில் இரண்டு எலக்ட்ரான்களும் எதிரெதிராக இணைந்துவிடுவதால் கருவி ஒன்றுமே காட்டாது. கருவியில் எதுவும் தெரியவில்லை என்பதற்காகக் காலியிடமே இல்லை என்று அறிக்கை எழுதிவிடக் கூடாது.

கணினியிலேயே கணக்கிட்டுவிடலாமே?

கணக்கிடுகிறார்கள். நூறு முதல் சில நூறு அணுக்கள் கொண்ட ஒரு பெட்டியை எடுத்து, அதில் ஓர் ஆக்சிஜனை நீக்கி, எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணக்கிடும் அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டின்படி மொத்த ஆற்றலைக் காண்பார்கள். அந்தக் கோட்பாட்டுக்காக வால்ட்டர் கோன் 1998இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் அதன் எளிய வடிவங்கள் பட்டை இடைவெளியைக் குறைத்தே மதிப்பிடுகின்றன. 7.8 இருக்க வேண்டிய மெக்னீசியம் ஆக்சைடுக்கு 5க்கும் குறைவாக விடை வரும். இடைவெளியே சுருங்கிப்போன கணக்கில் மட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கிடைக்கும் பதிலை எப்படி நம்புவது? அதனால் இப்போது அக்கோட்பாட்டின் மேம்பட்ட வடிவங்களான கலப்பினச் சார்பியங்களைப் பயன்படுத்துகிறார்கள். கணினி நேரம் பல மடங்கு கூடும், இடைவெளி உண்மைக்கு அருகில் வரும்.

இன்னொரு சிக்கல், பெட்டி எல்லாத் திசையிலும் திரும்பத் திரும்ப அடுக்கப்படுவதாகக் கணக்கு கொள்வதால், மின்னூட்டமுள்ள குறைபாடு தன் சொந்தப் பிரதிகளோடேயே மோதிக்கொள்கிறது. அதற்கான திருத்தத்தைச் செய்யாத கட்டுரைகளின் எண்களை நான் மாணவர்களுக்குக் கொடுப்பதில்லை.

குறைபாடு என்றாலே கெடுதல்தானா?

இல்லை. சில மருத்துவமனைகளின் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்பவர்கள் சட்டையில் குத்தியிருக்கும் கதிர்வீச்சு அட்டைக்குள் கார்பன் சேர்த்த அலுமினியம் ஆக்சைடு உள்ளது. ஆக்சிஜன் காலியிடங்கள் நிறைய இருக்கும்படி வேண்டுமென்றே வளர்க்கப்படும் இந்தப் பொருளை, 1990ஐ ஒட்டிச் சோவியத் ஒன்றியத்தின் உரால் பகுதி ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். கதிர்வீச்சு பட்டதும் விடுபடும் எலக்ட்ரான்களில் ஒரு பகுதி ஆழமான பொறிகளில் போய்த் தங்கி, மாதக்கணக்கில் அசையாமல் இருக்கும். அட்டையைச் சேகரித்துப் பச்சை ஒளியைப் பாய்ச்சினால் அவை வெளியேறி எஃப் நேர் மையங்களில் விழுந்து, 420 நானோமீட்டருக்கு அருகில் நீல ஒளியை விடுகின்றன. அந்த ஒளியின் அளவே அந்த ஊழியர் பெற்ற கதிர்வீச்சின் அளவு. பொறி ஆழமற்றதாக இருந்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் கணக்கு அழிந்துபோயிருக்கும்.

நெடுநாள் பயன்படுத்தாத மின்சாரக் கேத்தலைப் போட்டால் வீடே டிரிப் ஆகிறது. இதற்கும் குறைபாட்டு மட்டம் காரணமா?

பெரும்பாலும் இல்லை. சூடேற்றும் குழாயினுள், கம்பிச் சுருளைச் சுற்றி அடைத்திருக்கும் வெள்ளைத் தூள் மெக்னீசியம் ஆக்சைடுதான். முனையின் அடைப்பு விட்டுப்போனால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கசிவை உண்டாக்குவது அந்த ஈரம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

குறைபாட்டு மட்டத்தை வீட்டிலேயே பார்க்க முடியுமா?

சிவப்புக்கல் மோதிரம் இருந்தால் முடியும். தூய அலுமினியம் ஆக்சைடு நிறமற்றது. அதன் இடைவெளி, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றலைவிட மிகப் பெரியது. அலுமினியத்தின் இடத்தில் சிறிதளவு குரோமியம் உட்கார்ந்தால், அதன் மட்டங்கள் ஊதாவையும் பச்சையையும் உட்கவர்ந்து, கல்லைச் சிவப்பாக்குகின்றன. உட்கவர்ந்த ஆற்றலில் ஒரு பகுதி 694 நானோமீட்டர் சிவப்பு ஒளியாகவே வெளிவரும். 1960இல் தியோடர் மைமன் செய்த முதல் லேசர் அந்த ஒளியைக் கொண்டதுதான். இருட்டறையில், பணநோட்டைச் சரிபார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் புறஊதா விளக்கைக் கல்லின் மேல் காட்டிப் பாருங்கள். குரோமியம் உள்ள கல் தணல்போல் சிவந்து ஒளிரும். சிவப்புக் கண்ணாடி பெரும்பாலும் ஒளிராது. ஆனால் ஆலையில் செய்த செயற்கைக் கல்லிலும் அதே குரோமியம்தான் இருக்கிறது என்பதால் அது இயற்கைக் கல்லைவிடப் பிரகாசமாகவே ஒளிரக்கூடும். இரும்பு அதிகமுள்ள இயற்கைக் கல்லோ மங்கலாகத் தெரியும். ஆகவே இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு நகைக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.